கணினிக் கேள்வி – பதில்: பந்தய விளையாட்டு அனுப்பும் பைட்டுகளைப் படிப்பது எப்படி?

கார்ப் பந்தயக் கணினி விளையாட்டுகள் தம் வாகனத்தின் வேகம், கியர், டயர் வெப்பம் முதலியவற்றை வீட்டு வலையமைப்பின் வழியே வேறு கருவிகளுக்கும் அனுப்பக்கூடியவை என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பதில்களில் பைட்டுகளின் மதிப்பைத் தசம எண்ணாகவே தந்திருக்கிறோம். இடங்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணியிருக்கிறோம்.

எஃப்-ஒன் 23 விளையாட்டில் டெலிமெட்ரி வசதியை இயக்கிவிட்டு, 20777 என்ற போர்ட்டில் பைதன் நிரல் ஒன்றால் கேட்டுப் பார்த்தேன். 231, 7, 23 என்று தொடங்கும் எண்கள் ஓயாமல் வருகின்றன. எழுத்தாக மாற்றச் சொன்னால் பிழைச் செய்தி வருகிறது. இவற்றை எங்கிருந்து வாசிக்கத் தொடங்க வேண்டும்?
— உயர்தர வகுப்பு மாணவி, ஹட்டன்

உங்களுக்கு வருவது துவிதத் தரவு. அதை எழுத்தாக மாற்றுவதற்கு அதில் எழுத்து என்று பெரும்பாலும் எதுவும் இல்லை. ‘வேகம்’, ‘கியர்’ என்ற பெயர்களும் எங்கும் இல்லை. தோட்டத்துச் செக்ரோலில் ஒவ்வொருவர் பெயருக்கு நேரேயும் ‘கொழுந்து நிறை’ என்று திரும்பத் திரும்ப எழுதாமல், எண் எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கிறது என்பதைக் கொண்டே அதன் பொருளை அறிவதுபோல, இங்கும் ஒரு பைட் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதே அது எதைக் குறிக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே பொதியின், அதாவது விளையாட்டு ஒரே தடவையில் அனுப்பும் பைட்டுத் தொகுதியின், அமைப்பைச் சொல்லும் அட்டவணை கையில் இருக்க வேண்டும். எஃப்-ஒன் தொடரில் அந்த அட்டவணையை விளையாட்டை வெளியிடுவோரே ஒவ்வொரு பதிப்புக்கும் தருகிறார்கள் என்பது நமக்குப் பெரிய வசதி.

எஃப்-ஒன் 23 இல் எந்த வகைப் பொதியானாலும் 29 பைட் நீளமுள்ள ஒரே மாதிரியான தலைப்பகுதியுடன் தொடங்கும். முதலிரு பைட்டுகள் அமைப்பின் ஆண்டைக் குறிக்கின்றன: இரண்டாவதாக வந்த 7 ஐ 256 ஆல் பெருக்கி, முதலில் வந்த 231 ஐக் கூட்டினால் 2023 கிடைக்கும். அடுத்து வந்த 23 என்பது விளையாட்டின் ஆண்டு. அதன்பின் விளையாட்டின் பதிப்பு எண் இரு பைட்டுகளிலும், பொதியின் பதிப்பு எண் ஒரு பைட்டிலும் வரும். 6 ஆம் இடத்துப் பைட்டை மட்டும் எப்போதும் தவறாமல் பாருங்கள். இது எவ்வகைப் பொதி என்பதை அதுதான் சொல்கிறது. 0 என்றால் கார்களின் இருப்பிடமும் அசைவும், 1 என்றால் பந்தய அமர்வு பற்றிய விவரம், 2 என்றால் சுற்று நேரங்கள், 3 என்றால் ஏதேனும் ஒரு நிகழ்வு, 6 என்றால் நீங்கள் தேடும் வேகமும் கியரும் அடங்கிய டெலிமெட்ரி, 7 என்றால் எரிபொருள் முதலிய நிலைமை, 10 என்றால் சேதம்.

7 முதல் 14 வரையுள்ள எட்டு பைட்டுகள் அமர்வின் அடையாள எண்ணாகும். 15 முதல் 18 வரை அமர்வில் கழிந்த நேரம், விநாடிகளில், மிதவைப் புள்ளி எண்ணாக (தசமப் பின்னத்தையும் கொள்ளக்கூடிய எண்ணாக) இருக்கும். 19 இலும் 23 இலும் தொடங்கும் இரண்டு நான்கு-பைட் எண்கள் சட்டக எண்கள், அதாவது விளையாட்டின் ஒவ்வொரு காட்சிச் சட்டகத்துக்கும் உரிய வரிசை எண்கள். அவை இரண்டு இருப்பதற்கான காரணம் கீழே வேறொரு வாசகருக்கான பதிலில் வருகிறது. 27 ஆம் பைட், 22 கார்களுக்குரிய வரிசையில் உங்களுடைய கார் எத்தனையாவது என்பதைச் சொல்லும். கடைசியாக 28 ஆம் பைட் இரண்டாவது ஆட்டக்காரருக்கு உரியது. அப்படி ஒருவர் இல்லாவிட்டால் அங்கே 255 நிற்கும்.

எடுத்த எடுப்பிலேயே வேகமானியை வரையத் தொடங்காதீர்கள். முதல் நிரல், வரும் ஒவ்வொரு பொதியின் நீளம், அமைப்பு ஆண்டு, வகை எண் ஆகிய மூன்றையும் திரையில் காட்டிவிட்டு, பொதியை ஒரு பைட்கூட மாற்றாமல், வந்த நேரத்துடன் கோப்பில் சேமிக்கட்டும். அக்கோப்பு இருந்தால், மின்சாரம் போன இரவிலும், விளையாட்டுப் பெட்டி வேறொருவர் கையில் இருக்கும் நாளிலும், மடிக்கணினியில் மீண்டும் ஓடவிட்டு உங்கள் நிரலைச் சோதிக்கலாம். பொருள் பிரித்த எண்களை மட்டும் சேமித்து, மூலப் பொதிகளைக் கைவிடுவோரே அதிகம். அவர்கள் பிறகு நிரலில் பிழை கண்டாலும் பழைய பந்தயத்தைத் திருத்த வழியிருக்காது.

தலைப்பகுதியைச் சரியாக வாசித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் காரின் வேகம் சில வேளை 7,937 என்று வருகிறது. ஆக்சிலரேட்டர் மதிப்பு அர்த்தமே இல்லாத எண்ணாக இருக்கிறது. சில பந்தயங்களில் நிரல் பாதியில் நின்றும் விடுகிறது. எங்கே பிழை?
— மென்பொருள் பழகுநர், பண்டாரவளை

உங்கள் கடிதத்தில் மூன்று வெவ்வேறு பிழைகள் இருப்பதாகத் தோன்றுகிறது. மூன்றும் இந்த வேலையில் இறங்கும் எல்லோரையும் பிடிப்பவை.

முதலாவது பைட் வரிசை. மணிக்கு 287 கிலோமீற்றர் வேகம் பொதியில் 31, 1 என்று வரும். சிறிய இடமதிப்புள்ள பைட் முந்தி நிற்கிறது. ஆகவே 31 உடன் 256 ஐக் கூட்ட வேண்டும். நீங்கள் 31 ஐ 256 ஆல் பெருக்கி 1 ஐக் கூட்டியிருக்கிறீர்கள், விடை 7,937. ஜாவாஸ்கிரிப்டில் டேட்டாவியூ என்ற வசதியைப் பயன்படுத்துவோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஏனெனில் அது, சொல்லாவிட்டால், பெரிய இடமதிப்புள்ள பைட் முந்தி வருவதாகவே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு அழைப்பிலும் அதற்கு ‘உண்மை’ என்ற இரண்டாம் அளபுருவைத் தர வேண்டும். ஒன்றில் மறந்தாலும் அந்த ஓர் எண் மட்டும் தவறும்.

இரண்டாவது பிழை கண்ணுக்குப் புலப்படாத வெற்றிடங்கள். கணினியின் செயலி நான்கு-பைட் எண்ணை நான்கால் வகுபடும் முகவரியிலும், எட்டு-பைட் எண்ணை எட்டால் வகுபடும் முகவரியிலும் வைத்திருக்க விரும்புவதால், சி மொழித் தொகுப்பி உறுப்புகளுக்கிடையே தானாகவே நிரப்புப் பைட்டுகளைச் செருகும். விளையாட்டு அனுப்பும் பொதியில் அத்தகைய நிரப்பு எதுவும் இல்லை. 29 பைட் தலைப்பகுதியை சி மொழியில் சாதாரணமாக அறிவித்தால் 64 பிட் கணினியில் அதன் அளவு 32 ஆகிவிடும். நிரப்பின்றி நெருக்கி அடுக்கும்படி தொகுப்பிக்குச் சொல்ல வேண்டும். பைதனின் ஸ்ட்ரக்ட் தொகுதியில் வடிவ வரியின் தொடக்கத்தில் எந்தக் குறியும் இடாவிட்டால் 30 வரும். ‘குறைவு’ என்பதற்கான கோணக்குறியைத் தொடக்கத்தில் இட்டால் பைட் வரிசையும் சரியாகும், நிரப்பும் நீங்கும், 29 வரும். நிரலை ஓட்டுவதற்கு முன் இந்த அளவைக் கணக்கிடச் சொல்லி அச்சிட்டுப் பாருங்கள். 29 வரவில்லையென்றால் மேற்கொண்டு எதையும் நம்ப வேண்டாம்.

டெலிமெட்ரிப் பொதியில் ஒவ்வொரு காருக்கும் 60 பைட். உங்கள் கார் வரிசையில் 19 ஆவது என்றால், 29 உடன் 60 × 19 ஐக் கூட்டி 1,169 ஆம் இடத்திலிருந்து வாசிக்க வேண்டும். அவ்விடத்திலிருந்து 0 இல் வேகம் இரண்டு பைட், 2 இல் ஆக்சிலரேட்டர், 6 இல் ஸ்டியரிங், 10 இல் பிரேக், இம்மூன்றும் நான்கு பைட் மிதவைப் புள்ளி எண்கள். 14 இல் கிளச், 15 இல் கியர், 16 இல் இயந்திரச் சுழற்சி இரண்டு பைட். ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் 0 முதல் 1 வரை செல்லும். ஸ்டியரிங் முழு இடப்பக்கத்தில் −1, முழு வலப்பக்கத்தில் 1. வேகத்துக்குப் பின் இரண்டு நிரப்புப் பைட் இருப்பதாக உங்கள் நிரல் எண்ணிக்கொண்டால் ஆக்சிலரேட்டரின் பாதியும் ஸ்டியரிங்கின் பாதியும் ஒட்டிய எண் கிடைக்கும். நீங்கள் எழுதியிருக்கும் அர்த்தமற்ற எண் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இன்னொன்று: நான்கு சக்கரங்களுக்குரிய எண்கள் வருமிடங்களில் வரிசை பின்-இடம், பின்-வலம், முன்-இடம், முன்-வலம் என்றே இருக்கும். முன் சக்கரங்கள்தான் முதலில் வரும் என்று வைத்துக்கொண்டு டயர் வெப்பத்தை ஆராய்ந்தால், முடிவுகள் எல்லாம் தலைகீழாகிவிடும்.

மூன்றாவது, நிரல் பாதியில் நிற்பது. வரும் பொதியைத் தற்காலிகமாக வைக்கும் இடையகத்துக்கு 1,024 பைட் ஒதுக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பல பாடங்களில் அந்த எண்தான் உதாரணமாகத் தரப்படுகிறது. டெலிமெட்ரிப் பொதியின் நீளம் 1,352. 1,024 பைட்டுக்குள் 0 முதல் 15 வரையுள்ள கார்கள் மட்டுமே முழுமையாக அடங்கும். உங்கள் கார் அதற்கு மேற்பட்ட இடத்தில் இருக்கும் பந்தயங்களில் தரவு வெட்டுண்டுவிடும். விண்டோஸில் பைதன் பிழைச் செய்தி தரும். லினக்ஸில் எச்சரிக்கையே இன்றி மீதி கைவிடப்படும். 2,048 என்று மாற்றிவிடுங்கள்.

விளையாட்டின் அமைப்புப் பட்டியலில் பழைய ஆண்டின் வடிவத்தைத் தெரிவு செய்யும் வசதியும் உண்டு. அங்கே 2022 என்றிருந்தால் தலைப்பகுதி 24 பைட்தான். வகை எண்ணும் 6 ஆம் இடத்தில் இராமல் 5 ஆம் இடத்துக்கு வந்துவிடும். எனவே முதலிரு பைட்டுகளைப் பார்த்த பிறகே மற்றதைத் தொட வேண்டும்.

ரிவர்ஸ் கியர் போட்டால் 255 என்று காட்டுகிறது. விளையாட்டின் குறையா?
— வாசகர், தலவாக்கலை

இல்லை. கியர் என்பது குறியுடைய ஒரு பைட்: நியூட்ரல் 0, ரிவர்ஸ் −1. உயர்தரப் பாடத்தில் வரும் இரண்டின் நிரப்பி முறையில் −1 இன் எட்டு பிட்டுகளும் 1 ஆக இருக்கும். அவற்றைக் குறியில்லா எண்ணாக வாசித்தால் 255. மற்றொரு விளையாட்டுக்கு மாறும்போதும் கவனமாக இருங்கள். ‘லைவ் ஃபோர் ஸ்பீட்’ வகுத்த அவுட்கேஜ் அமைப்பில் ரிவர்ஸ் 0, நியூட்ரல் 1, முதல் கியர் 2 என்று எண்ணப்படுகிறது.

ஐயா, என் மகன் பிளேஸ்டேஷனில் பந்தயம் விளையாடிக்கொண்டே கைபேசியில் ஏதோ வேகமானியை ஓடவிடுகிறான். விநாடிக்கு அறுபது தடவை தரவு அனுப்புவதாகச் சொல்கிறான். எங்கள் வீட்டில் மாதாந்த டேட்டா அளவோடு கூடிய 4ஜி ரவுட்டர்தான் இருக்கிறது. இதனால் டேட்டா தீர்ந்துபோகாதா?
— தாய் ஒருவர், நுவரெலியா

தீராது, அம்மா. பிளேஸ்டேஷனிலிருந்து புறப்படும் பொதி வீட்டு ரவுட்டரைத் தொட்டு அங்கிருந்தே கைபேசிக்குத் திரும்பிவிடுகிறது. கோபுரம் வரை போவதில்லை. ரவுட்டரில் சிம் அட்டையே இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். மாதாந்த டேட்டா, விளையாட்டை இற்றைப்படுத்துவதிலும் இணையத்தில் பிறருடன் போட்டியிடுவதிலும் செலவாகும்; உங்கள் கண்காணிப்பை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பற்றிக் கேட்டிருப்பதால் மகனுக்கும் ஒரு கணக்கைச் சொல்லிவைக்கிறோம். 1,352 பைட் பொதி விநாடிக்கு 60 என்றால் 81,120 பைட். இந்த ஒரு வகையை மட்டும் ஒரு மணி நேரம் சேமித்தாலே ஏறத்தாழ 292 மெகாபைட் ஆகும். அசைவுப் பொதிகளும் கிட்டத்தட்ட அதே அளவினவை. பழைய கைபேசியின் நினைவகம் நிறைந்துவிடும் என்பதால், பழகும் காலத்தில் விநாடிக்கு 20 போதும். வெறும் வேகமானிக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

கைபேசியில் எதுவும் வரவில்லை என்று இதே ஊரிலிருந்து இன்னும் சிலர் எழுதியிருக்கிறார்கள். விளையாட்டின் அமைப்பில் முகவரி 127.0.0.1 என்றிருந்தால் பொதி தன் பெட்டிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்; பெறும் கருவியின் ஐ.பி. முகவரியை அங்கே இட வேண்டும். கணினியில் பெறுவதானால் விண்டோஸின் தீச்சுவர் அந்த நிரலை அனுமதித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விருந்தினருக்கான வைஃபை வலையமைப்பில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று காண முடியாதபடி பல ரவுட்டர்கள் தடுப்பதும் ஒரு காரணமாகலாம்.

நேர வரிசையில் வேக வரைபடம் வரைகிறேன். சில இடங்களில் கோடு பின்னோக்கிப் பாய்கிறது. சில சுற்றுகளில் இரண்டு கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. பொதிகள் வழியில் கலைந்துவிடுகின்றனவா?
— பட்டதாரி மாணவர், பதுளை

கலையவும் கூடும், தொலையவும் கூடும்; இப்பொதிகளை அனுப்பப் பயன்படும் யூ.டி.பி. முறை சேர்ப்பிப்பையோ வரிசையையோ உறுதிப்படுத்துவதில்லை. ஆனால் வீட்டுக்குள் ஒரே ரவுட்டரில் அது மிகக் குறைவாகவே நிகழும் என்பதோடு, பொதிகள் துண்டாகாமலிருக்கவும் அளவு பார்த்தே வைத்திருக்கிறார்கள்: எஃப்-ஒன் 23 இல் சுற்று வரலாற்றுப் பொதி 1,460 பைட், ஐ.பி., யூ.டி.பி. தலைப்புகளுக்கு 28 ஐச் சேர்த்தால் 1,488. ஈதர்நெட் ஒரே தடவையில் ஏற்கும் 1,500 ஐ அது தாண்டுவதில்லை. ஆகவே உங்கள் வரைபடத்தின் கோளாறுக்கு வலையமைப்பைச் சந்தேகிக்கும் முன்னர், பந்தயத்தின்போது ‘ஃபிளாஷ்பேக்’ வசதியைப் பயன்படுத்தினீர்களா என்று நினைத்துப் பாருங்கள்.

சுவரில் மோதியவுடன் சில விநாடிகள் பின்னால் சென்று அதே வளைவை மீண்டும் ஓட்ட உதவும் அவ்வசதியை அழுத்தினால், அமர்வு நேரமும் 19 ஆம் இடத்துச் சட்டக எண்ணும் பின்னோக்கிச் செல்லும். 23 ஆம் இடத்தில் இருக்கும் இரண்டாவது சட்டக எண் ஒருபோதும் பின்வாங்காது. 2023 ஆம் ஆண்டு அமைப்பில்தான் அது சேர்க்கப்பட்டது. முதல் எண் குறைந்து இரண்டாவது எண் கூடியிருந்தால் அது ஃபிளாஷ்பேக். இரண்டும் ஒருசேரக் குறைந்திருந்தால் பொதி பிந்தி வந்திருக்கிறது. ஃபிளாஷ்பேக் நிகழும் தருணத்தில் நிகழ்வுப் பொதி ஒன்றும் தனியே வரும். எந்தச் சட்டகத்துக்கு, எந்த நேரத்துக்குத் திரும்பியது என்று அதில் எழுதியிருக்கும். பழைய முயற்சியை அழிப்பதா வைத்திருப்பதா என்பது உங்கள் விருப்பம். ஓட்டத்தைக் கற்க வேண்டுமானால் அழிக்காதீர்கள். தவறிய முயற்சியை வெற்றியடைந்த முயற்சியோடு ஒப்பிடுவதில்தான் பிரேக் எங்கே பிந்தியது என்று தெரியும்.

இன்னொரு ஆலோசனை, வரைபடத்தின் கிடை அச்சில் நேரத்தை வைக்காதீர்கள். சுற்று நேரங்களுக்குரிய பொதியில், சுற்றின் தொடக்கக் கோட்டிலிருந்து கடந்த தூரம் மீற்றரில் வருகிறது. அதைக் கிடை அச்சில் வைத்தால் இரண்டு சுற்றுகளின் அதே வளைவு அதே இடத்தில் வந்து பொருந்தும். முதற் சுற்றில் கோட்டைத் தாண்டுவதற்கு முன் அத்தூரம் எதிர்மறையாக இருக்கும் என்பதைப் பிழையென்று எண்ணி வடிகட்டிவிட வேண்டாம். வேகம் ஒரு பொதியிலும் தூரம் வேறொரு பொதியிலும் வருவதால், ஒரே சட்டக எண்ணுள்ளவற்றைத்தான் இணைக்க வேண்டும். வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு இணைத்தால் வேகமான நேர்ப்பாதையில் சில மீற்றர் தவறும்.

சுற்றின் மூன்று பகுதிகளில் முதலிரண்டின் நேரம் மில்லிவிநாடிகளில் இரண்டு பைட்டில் தரப்படுகிறது. இரண்டு பைட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 65,535. அதாவது 65 விநாடிக்குச் சற்று மேல். மழையிலோ பாதுகாப்புக் காரின் பின்னாலோ ஒரு பகுதி அதைவிட நீளலாம் அல்லவா? 2023 அமைப்பில் நிமிடத்துக்கென்று தனியே ஒரு பைட் சேர்த்திருப்பது அதனால்தான். அதைக் கூட்ட மறந்தவர்களின் அட்டவணையில் மிக மெதுவான சுற்று மிக வேகமானதாகக் காட்சியளிக்கும்.

அமர்வின் அடையாள எண்ணைக் கொண்டு கோப்புகளைப் பிரிக்கிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல முறை. ஆனால் அது எட்டு பைட் எண். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 9,007,199,254,740,992 க்கு மேல் துல்லியத்தை இழக்கும், எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் பூச்சியமாக்கிவிடும். அதை எண்ணாக வைத்திராமல் எழுத்துத் தொடராக வைத்திருங்கள்.

இதையெல்லாம் செய்து தரும் ஆயத்த மென்பொருள்கள் இருக்கும்போது நாம் ஏன் சிரமப்பட வேண்டும்?
— வாசகர், கம்பளை

டாஷ்போர்ட் மட்டும் வேண்டுமானால் சிரமப்படத் தேவையே இல்லை; சிம்ஹப் போன்ற ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். கணினியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் வேறு பதில்: பிட், பைட், குறியுடைய எண், மிதவைப் புள்ளி என்று பாடநூலில் தனித்தனியே கிடப்பவை எல்லாம் ஒரே மாலையில் வேலைக்கு வரும் பயிற்சி இதைப்போல் அதிகம் இல்லை.

ஃபோர்ஸா ஹொரைசன் 5, கிரான் டூரிஸ்மோ 7 ஆகியவற்றுக்கும் இவ்வாறு செய்ய முடியுமா? எந்த அட்டவணையும் இல்லாத விளையாட்டானால் என்ன செய்வது?
— கணினி ஆசிரியர், கண்டி

ஃபோர்ஸாவில் பொதி வகைகள் பல இல்லை. எல்லாம் ஒரே பொதியில் வரும், தலைப்பகுதியும் கிடையாது. அதனால் நீளமே அடையாளம். 232 பைட் என்றால் அசைவு மேடைகளுக்கான சுருக்க வடிவம், 311 என்றால் ஃபோர்ஸா மோட்டர்ஸ்போர்ட் 7 இன் விரிவான வடிவம், 324 என்றால் ஹொரைசன். மோட்டர்ஸ்போர்ட் 7 இல் வேகம் 244 ஆம் இடத்தில் இருக்கிறது. ஹொரைசனிலோ 232 க்குப் பின் 12 பைட் இடைச்செருகலாக வருவதால் அது 256 க்கு நகர்ந்துவிடுகிறது. ஒன்றுக்கு எழுதிய நிரலை மற்றொன்றில் ஓட்டிவிட்டு, வேகமானி காரின் இருப்பிட ஆயத்தைக் காட்டுவதைக் கண்டு குழம்புவோர் பலர். வேகம் விநாடிக்கு மீற்றரில் வருகிறது; 3.6 ஆல் பெருக்குங்கள். ஆக்சிலரேட்டர் இங்கே மிதவைப் புள்ளி எண்ணாக இராமல் 0 முதல் 255 வரையான ஒரு பைட்டாக இருக்கும். பந்தயம் ஓடாத வேளையில் முதல் நான்கு பைட்டுகளும் பூச்சியமாகும். பட்டியல் திரையில் நிற்கும்போது வரும் பொதிகளை அதைக் கொண்டு ஒதுக்கலாம்.

கிரான் டூரிஸ்மோ 7 வேறு போக்குடையது. கேட்காமல் அது எதையும் அனுப்பாது: 65 என்ற ஒரே பைட்டை விளையாட்டுப் பெட்டியின் 33739 போர்ட்டுக்கு அனுப்பினால், 33740 இல் 296 பைட் பொதிகள் வரத் தொடங்கும்; அந்தக் கேள்வியை அவ்வப்போது மீண்டும் அனுப்பிக்கொண்டிராவிட்டால் நின்றுவிடும். வருபவையும் சல்சா20 முறையில் மறைகுறியாக்கப்பட்டவை. அதை ஆர்வலர்கள் கண்டறிந்து பொதுவில் தந்திருக்கிறார்கள் என்றாலும், மாணவர்களுக்கு முதற் பாடமாக இதை எடுக்காதீர்கள்.

அட்டவணையே இல்லாதபோது, விளையாட்டை ஒரு கருவியாக வைத்து நாமே அட்டவணை தயாரிக்க வேண்டும். காரை நிறுத்தி, எதையும் தொடாமல் சில விநாடிகள் பதியுங்கள். அப்போதும் மாறிக்கொண்டிருப்பவை நேரமும் சட்டக எண்ணும் ஆகும். அடுத்து நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மட்டும் மெதுவாக அழுத்தி விடுங்கள், வேறெதையும் தொடாதீர்கள். இரண்டு பதிவுகளையும் பைட் பைட்டாக ஒப்பிட்டால் புதிதாக அசைந்தவை பெரும்பாலும் ஆக்சிலரேட்டரும் இயந்திரச் சுழற்சியும் அவற்றைச் சார்ந்தவையுமாகத்தான் இருக்கும். இவ்வாறு பிரேக், ஸ்டியரிங், கியர் என ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போகலாம்.

மிதவைப் புள்ளி எண்களைக் கண்ணாலேயே அடையாளம் காண ஒரு பழக்கம் உண்டு. 0.5 என்பது 0, 0, 0, 63 என்றும், 0.75 என்பது 0, 0, 64, 63 என்றும், 1 என்பது 0, 0, 128, 63 என்றும் வரும். −1 என்றால் கடைசி பைட் மட்டும் 191 ஆகும். முழுமையாக அழுத்திப் பிடிக்கும்போது நான்கு பைட்டுகள் 0, 0, 128, 63 இல் வந்து அசையாமல் நின்றால், அது 0 முதல் 1 வரை செல்லும் மிதிகட்டை என்பதில் ஐயமில்லை. ஒரு வகுப்புக்கு இரண்டு மணி நேரம் கொடுத்து, பதிவு செய்த கோப்பொன்றையும் வெள்ளைத்தாளையும் தந்து பாருங்கள். விளையாட்டே எல்லோரிடமும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஏப்ரல் வசந்தகாலத்தில் ராதெல்லயிலும் மகாகஸ்தோட்டையிலும் நடக்கும் மலையேற்றப் பந்தயங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். நண்பர் ஒருவர் காரைத் தயார்செய்துகொண்டிருக்கிறார். விளையாட்டுக்காக எழுதிய நிரலை அவருடைய உண்மைக் காருக்கும் பயன்படுத்தலாமா?
— வாசகர், நானுஓயா

வரைபடம் வரையும் பகுதியை அப்படியே பயன்படுத்தலாம்; பைட்டுகளை வாசிக்கும் பகுதியைத் திரும்ப எழுத வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே காரின் கணினியிடமிருந்து தரவைப் பெற உதவும் 16 முள் கொண்ட ஓ.பி.டி. இணைப்பி அந்தக் காரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய கார்பரேட்டர் வண்டியானால் இந்த வழி இல்லை.

விளையாட்டு தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். கார் கேட்டால்தான் சொல்லும். இயந்திரச் சுழற்சிக்கு, சேவை எண் 1 இல் அளபுரு 12 என்று கேட்க வேண்டும். விடையாக 65, 12, 46, 224 வந்தால், முதலிரண்டு எதற்கான விடை என்பதைச் சொல்கின்றன. அடுத்த இரண்டும் மதிப்பு. இங்கே பெரிய இடமதிப்புள்ள பைட் முந்தி நிற்கிறது. 46 ஐ 256 ஆல் பெருக்கி 224 ஐக் கூட்டினால் 12,000. அதை 4 ஆல் வகுக்க வேண்டும் என்பது விதி. நிமிடத்துக்கு 3,000 சுழற்சி. எஃப்-ஒன் பொதியிலோ 12,000 சுழற்சி 224, 46 என்று தலைகீழாக வரும், வகுத்தலும் இல்லை. விளையாட்டுக்கான நிரலைத் திருத்தாமல் ஓட்டினால் காரின் சுழற்சி ஐம்பதாயிரத்துக்கு மேல் ஏறியதாகக் காட்டும்.

வேகம் அளபுரு 13. ஒரே பைட், மணிக்குக் கிலோமீற்றர், மாற்றம் எதுவும் வேண்டாம். ஆக்சிலரேட்டரின் திறப்பு அளபுரு 17. வரும் பைட்டை 100 ஆல் பெருக்கி 255 ஆல் வகுத்தால் சதவீதம். ஸ்டியரிங் கோணமும் பிரேக் அழுத்தமும் இந்தப் பொதுப் பட்டியலில் இல்லை; அவை ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறுபடும். கடையில் கிடைக்கும் ஈ.எல்.எம்.327 வகை புளூடூத் இணைப்பிகள் விடையைப் பைட்டுகளாகத் தராமல் பதினறும எண்களின் எழுத்து வடிவில் தருகின்றன என்பதால் முதலில் அவ்வெழுத்தை எண்ணாக மாற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் கேட்டு விடைக்காகக் காத்திருப்பதால், மலிவான இணைப்பியில் மூன்று அளபுருக்களைச் சுற்றிச் சுற்றிக் கேட்டால் ஒவ்வொன்றும் விநாடிக்குச் சில தடவைகளே கிடைக்கும். ஆகவே சுழற்சியையும் வேகத்தையும் மட்டும் கேளுங்கள். கிளச் மிதிக்கப்படாத வேளையில் அவ்விரண்டுக்கும் இடையிலான விகிதம் ஒவ்வொரு கியருக்கும் மாறாதது. சமதரையில் ஒவ்வொரு கியரிலும் ஒரு தடவை ஓட்டிப் பதிந்து அந்த விகிதங்களைக் குறித்து வைத்துக்கொண்டால், மலையேற்றத்தின் எந்த வளைவில் எந்தக் கியரில் இருந்தார் என்பதைப் பதிவிலிருந்தே கணித்துவிடலாம். கருவியைப் பந்தய நாளில் காரில் வைத்திருக்க ஏற்பாட்டாளரின் அனுமதியை முன்கூட்டியே நண்பர் பெற்றுக்கொள்ளட்டும்.